சம்பங்கிக்கு ஒரு வண்டி

என் அம்மா பார்வதம்மா ஒரு பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, எங்கள் லைனில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். தங்கச் சுரங்கக் கூலிகளின் மூங்கில் தட்டி வீடுகள் வரிசையாக நின்ற அந்த லைனில் பார்வதம்மா என்ற பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருத்தி குட்டைப் பார்வதம்மா, ஒருத்தி பூக்கார பார்வதம்மா, எங்கள் அம்மா 'பயம்' பார்வதம்மா. சுரங்கச் சங்கு ஊதினால் அவளுக்குப் பயம். ஊத ஐந்து நிமிடம் தாமதமானால் அதைவிடப் பயம். பூமிக்கடியில் பாறை வெடித்து வீட்டுப் பானைகள் குலுங்கினால், அடுப்பை எரிய விட்டுவிட்டு வாசலில் போய் நின்றுகொள்வாள். அப்பா ஷிப்டு முடிந்து வரும்வரை அவளுக்குச் சோறு இறங்காது.

அந்தப் பயத்தின்மேல் எனக்கு வெகுகாலம் கோபம் இருந்தது. கிணற்றுப் பக்கம் போகாதே, தேர் பார்க்கப் போகாதே, அந்த நாய் ஒரு மாதிரி பார்க்கிறது என்று என் பாதிச் சிறுவயதை அவள் பயமே தின்றுவிட்டது. அந்தக் கோபம் தணிந்தது, என் அக்கா சம்பங்கியின் தள்ளுவண்டிக் கதையை முழுதாகக் கேட்ட பிறகுதான். பாதியை அம்மா சொன்னாள், பாதியைச் சாரா பெரியம்மா சொன்னார். அப்பா கடைசி வரை அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அம்மாவுக்குக் குடியாத்தம் பக்கம் ஊர். கல்யாணமான மறுமாதமே ரயிலேறி, பங்காருபேட்டையில் இறங்கி, மாரிகுப்பம் வண்டியைப் பிடித்து வந்து சேர்ந்தாள். பங்காருபேட்டைக்கு அன்றைக்குப் பவுரிங்பேட்டை என்று பெயர். அப்பா முனியப்பன் சுரங்கத்தில் வெடி வைக்கிறவருக்கு உதவியாள். டைனமைட்டுப் பெட்டியை முண்டாசின்மேல் வைத்துச் சுமந்து போய், குச்சி குச்சியாக எடுத்து, பாறையில் துளைத்த ஓட்டைகளில் அடைக்க வேண்டும். அம்மாவுக்குச் சுரங்கக் கல்லை அரைக்கிற மில்லில் கல் பொறுக்கும் வேலை. தங்கம் உள்ள கல்லை ஒரு பக்கம், வெறுங்கல்லை ஒரு பக்கம் தள்ளவேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து மூன்றில் சம்பங்கி பிறந்தாள். இரண்டு நாள் வலி. குழந்தை நன்றாக வந்துவிட்டது, அம்மாவின் வலது இடுப்புதான் பிசகிப்போனது. அதற்கப்புறம் அவள் காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தாள். எங்கள் லைன் பெண்கள் தலையில் தண்ணீர்க் குடம், இடுப்பில் பிள்ளை, கையில் சோற்றுத் தூக்கு என்று ஓட்டமாக நடப்பார்கள். அம்மாவுக்கு இடுப்பில் பிள்ளையை வைக்கவே முடியாது. இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நடந்தால் காலடி தெரியாது.

குழந்தைக்கு நாலு மாதம் ஆனபோது அது நடந்தது. மில்லுக்குப் போகிற சரிவில் கல் வண்டிகள் ஓடும் தண்டவாளத்தைத் தாண்டவேண்டும். தாண்டும்போது அம்மாவின் வலது கால் மடங்கியது. அவள் விழுந்தாள். சம்பங்கி கைநழுவித் தண்டவாளத்துக்கு நடுவில் உருண்டாள். மேலிருந்து கல் நிறைந்த டிராம் வண்டி ஒன்று இறங்கி வந்துகொண்டிருந்தது. தள்ளி வந்த ஆள் கத்திக்கொண்டே சக்கரத்துக்குள் கட்டையைச் செருகினான். வண்டி கிறீச்சிட்டு, குழந்தையிலிருந்து இரண்டு முழத்தில் நின்றது. குழந்தைக்குக் கீறல்கூட இல்லை. அம்மாவைத்தான் இரண்டு பெண்கள் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. அன்றைக்கு முழுக்க அவளுக்குப் பல் கிட்டித்துக்கொண்டே இருந்ததாம்.

"இனிமே இத்த தூக்கிகினு ஒரு அடி வெக்க மாட்டேன்" என்றாள் அப்பாவிடம்.

வேலையை விட முடியாது. தாய்ப்பால் குடிக்கிற குழந்தையை வீட்டில் விடவும் முடியாது. மில் கொட்டகையில் தூண்களுக்கு நடுவே தூளி கட்டிக் குழந்தைகளைப் போட்டுவிடுவார்கள், அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் கவலையில்லை. போகிற ஒரு மைலும் வருகிற ஒரு மைலும்தான் ஆபத்து.

"ரெண்டு வருசம் டிராம் வண்டி தள்ளினவன் நான். எங்கொழந்தய தள்ள ஒரு வண்டி கெடைக்காமலா போவும்" என்றார் அப்பா.

அம்மா ஒரு வண்டியைத் தேர்ந்தெடுப்பது என்றால் சும்மாவா? கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட அவ்வளவு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். சக்கரம் சரளைக்கல்லில் புதையுமா, சரிவில் கைவிட்டால் ஓடுமா, ஒரு பக்கமாய்ச் சாயுமா, பலகையில் ஆணி நீட்டிக்கொண்டிருக்குமா, எங்கள் சந்துக்குள் நுழையுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவள் கண்ணில் அந்த டிராம் வண்டி வந்துகொண்டே இருந்தது. எந்த வண்டியிலும் குழந்தையை நேராக வைக்க அவள் ஒத்துக்கொள்ளவில்லை. குழந்தை எடைக்கு ஒரு பரங்கிக்காய் வாங்கி வைத்துக்கொண்டாள்.

முதலில் அப்பா பங்காருபேட்டைச் சந்தையிலிருந்து ஒன்று கொண்டுவந்தார். மூங்கில் கூடை, அதற்குக் கீழே நாலு சின்ன மரச்சக்கரம். பார்க்க அழகாக இருந்தது. பரங்கிக்காயை வைத்துத் தள்ளினாள். பத்தடி போனதும் முன்சக்கரம் சரளையில் மாட்டிக்கொண்டது, கூடை குப்புறக் கவிழ்ந்தது, பரங்கிக்காய் உருண்டு போய்க் கல்லில் மோதிப் பிளந்தது. லைனே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. பிளந்த காயைப் பார்த்து வெளிறிப்போய் நின்றாள். கூடையை அன்றைக்கே திருப்பி அனுப்பினார்கள். வேறு பரங்கிக்காய் வாங்கினார்கள்.

அடுத்தது சாரா பெரியம்மா சொன்ன வண்டி. சாரா உறவில்லை, கிறிஸ்தவ வேதக்காரர் வீட்டுப் பெண், கம்பெனி இன்ஜினீயர் துரை பங்களாவில் ஆயா. அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவர். பங்களாக் கொட்டகையில் சீமையிலிருந்து வந்த குழந்தை வண்டி ஒன்று சும்மா கிடக்கிறது, துரைசானி யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லிவிட்டார், வந்து பார் என்றார். அம்மா பரங்கிக்காயும் கையுமாகப் போனாள். பெரிய சக்கரம், கீழே வில், உள்ளே மெத்தை, குழந்தையைக் கட்ட ஒரு தோல்வார், மடங்குகிற தோல்கூரை. கூரைதான் கொஞ்சம் கிழிந்திருந்தது. சரளையில் தள்ளினாள், பரங்கிக்காய் அசையவில்லை. சரிவில் நிறுத்திப் பார்த்தாள், ஒரு கம்பியை மிதித்தால் நின்றது. அம்மாவின் முகத்தில் நாலு மாதத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்ததாம்.

சாரா பெரியம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. "பார்வதி, ஒண்ணு சொல்லிட்றேன். இதுல படுத்துகினு இருந்த கொழந்த போன மழைக்கி தவறிப் பூட்ச்சு. பதினோரு மாசம்."

அம்மா வண்டியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"காய்ச்சல்ல போச்சும்மா. வண்டிக்கி இன்னா தெரியும்" என்றார் சாரா.

"வேணாங்கக்கா" என்று சொல்லி அம்மா பரங்கிக்காயை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வழியெல்லாம் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மூன்றாவது வண்டியை அப்பாவே செய்தார். சுரங்கத்துக்கு டைனமைட்டு வருகிற மரப்பெட்டிகள் உண்டு. காலியான பெட்டிகளை வெளியே விடக்கூடாது, குவித்து எரித்துவிட வேண்டும் என்பது கம்பெனி சட்டம். ஏன் என்று ஆட்களுக்கு யாரும் சொன்னதில்லை. விறகுக்கு நாம் தூக்கிப் போய்விடுவோம் என்ற கஞ்சத்தனம் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அப்பா எரிக்கிற குவியலிலிருந்து ஒன்றை எடுத்துவந்தார். எடுத்துவந்ததற்கு அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அந்த மரத்தை அவர் தினமும் தலையில் சுமந்தவர், அதைவிட நல்ல மரம் அவருக்குத் தெரியாது.

"ஒரு ஆணி காட்டு பாக்கலாம். மூலைக்கி மூலை கோத்து வெச்சிகிறான். சிம்பு குத்தாது. கொழந்தய மழமழன்னு தாங்கும்" என்றார்.

அம்மா உள்ளே கைவிட்டு ஒவ்வொரு பலகையாகத் தடவினாள். ஆணி இல்லைதான். பக்கங்கள் குழந்தை எழும்ப முடியாத உயரம். தச்சுப் பட்டறையில் சொல்லி, இரும்புப் பட்டை போட்ட நாலு சக்கரம் வாங்கிப் பூட்டினார். டிராம் வண்டிக்குச் செருகுவதுபோலச் சக்கரத்தில் செருக ஒரு கட்டை, அதைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். அடியில் விரிக்க, தன் பழைய வேலை முண்டாசை நாலாக மடித்துப் போட்டார். பரங்கிக்காயை வைத்து எங்கள் லைன் சரிவில் ஏற்றி இறக்கினார்கள். கட்டையைச் செருகினால் அப்படியே நின்றது. அம்மாவுக்குத் திருப்தி. அவளுக்குப் பயம் வராத ஒரே வண்டி அதுதான்.

முதல் நாளே குழந்தை அழுதாள். புது வண்டி, பழகவில்லை என்றார்கள். இரண்டாம் நாள் மில்லுக்குப் போய்ச் சேர்வதற்குள் முகம் செக்கச்செவேலென்று ஆகி, அலறி, குடித்த பாலையெல்லாம் கக்கினாள். தூளியில் போட்டுக் கொஞ்ச நேரம் கழிந்ததும் தெளிந்தாள். மாலையில் வண்டியில் வைத்தால் மறுபடி அதே அலறல். நாலாம் நாள் அலறல்கூட இல்லை. கழுத்து துவண்டு, கண் பாதி செருகி, துணி மாதிரிக் கிடந்தாள். நெஞ்சில் கை வைத்தால் இதயம் படபடவென்று அடித்தது.

அடுத்த வீட்டுத் தாயம்மா மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாள். கம்பெனி ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் பல் முளைக்கிற நேரம் என்று ஒரு பொட்டலம் கொடுத்தார். குழந்தைக்கு அப்போது ஐந்து மாதம்தான். பொட்டலம் தீர்ந்தது, காய்ச்சல் இல்லை, பேதி இல்லை, ஆனால் குழந்தை நாளுக்கு நாள் வாடிக்கொண்டே வந்தாள். அம்மாவுக்கும் தலைவலி. வண்டிக்குள் குனிந்து குனிந்து குழந்தையைப் பார்த்ததில் நெற்றிப்பொட்டு தெறித்தது. அழுது அழுது வருகிற வலி என்று அவள் நினைத்துக்கொண்டாள். குழந்தை தக்காது என்ற எண்ணம் அவளுக்குள் வந்துவிட்டது. அந்த எண்ணத்தை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவும் பயம், சொன்னால் பலித்துவிடும் என்று.

ஒரு சாயங்காலம் குழந்தை பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குத் திடீரென்று தேள் ஞாபகம் வந்தது. பலகை இடுக்கில் தேள் இருந்து கொட்டிக்கொண்டிருந்தால்? துணியில் தீப்பட்டுவிடுமோ என்று விளக்கை எட்ட வைத்துவிட்டு, வண்டிக்குள் தலையை நுழைத்து, முண்டாசுத் துணியில் கன்னம் பட மூலை மூலையாகத் தேடினாள். தேள் இல்லை, லேசாக ஒரு இனிப்பு வாடைதான் இருந்தது. நிமிர்ந்தபோது முகமெல்லாம் தீயாய்க் காந்தியது. காதுக்குள் திம் திம் என்று அடித்தது. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா ஷிப்டு முடிந்து வந்தார். "இன்னாமே, இன்னா ஆச்சு?"

"பொட்டிக்குள்ள தலய வுட்டேங்க. மண்ட ரெண்டா பொளக்குது. மொகம் காந்துது."

அப்பா சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவருக்குத் தன் முதல் வார வேலை ஞாபகம் வந்தது. டைனமைட்டைத் தொடுகிற புது ஆள் எவனுக்கும் அப்படித்தான் வரும். முகம் சிவக்கும், தலை வெடிக்கும், வாந்தி எடுப்பான். வெடித் தலைவலி என்பார்கள். ஏழெட்டு நாளில் உடம்பு பழகிவிடும், அப்புறம் ஒன்றும் தெரியாது. அப்பாவுக்கு நாலு வருடமாக ஒன்றும் தெரியவில்லை. அதனால்தான் அவர் மூக்குக்கும் தலைக்கும் அந்தப் பெட்டி வெறும் மரமாக இருந்தது.

அவர் விளக்கை இன்னும் தூரமாகத் தள்ளிவைத்தார். துணியை விலக்கி, அந்தி வெளிச்சத்தில் பெட்டியின் அடிமூலையை உற்றுப் பார்த்தார். கோத்த இடத்தில் மஞ்சளாக, எண்ணெய் மாதிரி ஒரு மினுமினுப்பு. வெயிலில் டைனமைட்டு வேர்த்து ஊறிய எண்ணெய்.

"பார்வதி, கொழந்தய எட்னு வெளிய போ. ஓடாத. மெல்லமா போ" என்றார். அவர் குரல் அப்படி இறங்கி அம்மா கேட்டதேயில்லை.

அந்த எண்ணெய் ஓங்கி அடிபட்டால் வெடிக்கும். பத்து நாளாக அம்மா அந்தப் பெட்டியைக் காலையும் மாலையும் தண்டவாளத்தின் மேல் தடால் தடால் என்று ஏற்றி இறக்கியிருக்கிறாள், உள்ளே குழந்தையோடு. இது புரிந்தபோது அவள் தன் கையையும் நம்பவில்லை. தாயம்மாதான் குழந்தையை வாங்கிக்கொண்டாள். அப்பா லைனில் எல்லோரையும் அடுப்பை அணைக்கச் சொன்னார். சக்கரங்களைக் கழற்றக்கூடத் துணியவில்லை. பெட்டியை அப்படியே, முண்டாசுத் துணியும் உள்ளேயே கிடக்க, தலையில் தூக்கி வைத்துக்கொண்டு தனியாக நடந்தார். மில் மண் கொட்டுகிற மேட்டுக்கு அரை மைல் இருக்கும். வழிநெடுக ஆட்கள் ஒதுங்கி நின்றார்கள். கல் தடுக்காமல் ஒவ்வொரு அடியாக அவர் போவதை அம்மா வாசலில் நின்று பார்த்தாள். கூப்பிடவும் பயம், கூப்பிட்டால் திரும்புவார் என்று.

மேட்டில் வைக்கோல் மூட்டி எரித்தார். வெடிக்கவில்லை. மரம் எரிகிற மாதிரி எரியாமல் சீறிக்கொண்டு எரிந்தது என்று மட்டும் வந்து சொன்னார்.

பெட்டி போனதும் குழந்தை தெளிந்தாள், பால் குடித்தாள், சிரித்தாள். இப்போது மறுபடி பழைய கேள்வி. மில்லுக்கு எப்படிப் போவது? அப்பா நேராகப் பங்களாவுக்குப் போய்ச் சாரா பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு சீமை வண்டியோடு வந்தார். அம்மா அதை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்திவைத்து மூன்று தடவை வெந்நீர் ஊற்றிக் கழுவினாள், மஞ்சள் தடவினாள், வேப்பிலை கட்டினாள். சாரா பெரியம்மா தன் பங்குக்குக் கைப்பிடியில் கை வைத்து ஒரு ஜெபம் செய்தார். இரண்டு சாமியும் பார்த்துக்கொள்ளட்டும் என்று அம்மா குழந்தையை அதில் வைத்தாள்.

ஐந்து நாள் ஒரு குறையும் இல்லை. மெத்தையில் கிடந்து வில் ஆட்டத்தில் குழந்தை சொக்கித் தூங்கினாள். ஆனாலும் அம்மா பத்தடிக்கு ஒரு தரம் நின்று மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பாள். செத்துப்போன குழந்தைக்கு விளையாட ஆள் வேண்டியிருக்குமோ என்று ஒரு நினைப்பு அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பாவுக்கு லீவு. மாரிகுப்பம் ஸ்டேஷனில் சம்பங்கிக்கு ரயில் காட்டவேண்டும் என்று அவருக்கு ஆசை. புது வேட்டி, லீவு நாளில் கட்டுகிற வெள்ளை முண்டாசு. வண்டியை அவரே தள்ளினார். வெயில் ஏறியது. கிழிந்த தோல்கூரை வழியாக வெயில் குழந்தை முகத்தில் அடித்தது. அப்பா முண்டாசை அவிழ்த்து, ஒரு பாதியைச் சுருட்டித் தலைக்கு வைத்து, மறுபாதியை நிழலுக்கு மேலே இழுத்துவிட்டார். குழந்தை தூங்கிவிட்டாள். ஸ்டேஷனில் எஞ்சின் வந்து, நீராவி விட்டு, திரும்பியும் போனது. குழந்தை எழுந்திருக்கவில்லை.

அம்மா துணியை விலக்கினாள். சம்பங்கியின் முகம் ரத்தச் சிவப்பாக இருந்தது. தூக்கியதும் வாந்தி எடுத்தாள். பிறகு சிவப்பு வடிந்து உதடு வெளுத்தது. தலை அம்மாவின் தோளில் நிற்காமல் பின்னால் சாய்ந்தது.

"வேணாம்னு சொன்னனே. அந்தக் கொழந்த கூப்புடுதுங்க. வண்டி வேணாம்னு அன்னிக்கே சொன்னனே" என்றாள் அம்மா. அவள் வண்டியை விட்டு ஓடினாள். அந்த இடுப்போடு, அந்தக் காலோடு, குழந்தையை அணைத்துக்கொண்டு, ஸ்டேஷன் வாசலைத் தாண்டிப் புங்கமரம் வரைக்கும் ஓடினாள். இனி ஒரு அடி வைக்க மாட்டேன் என்றவள் எப்படி விழாமல் ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. மரத்தடியில் உட்கார்ந்து முந்தானையால் விசிறினாள். குழந்தை மூச்சு விடுகிறதா என்று வாயருகே காதை வைத்து வைத்துப் பார்த்தாள். சம்பங்கி, சம்பங்கி என்று அந்தப் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெகுநேரம் கழித்துக் குழந்தை கண்ணைத் திறந்தாள், சின்னதாகச் சிணுங்கினாள். அப்பா பக்கத்தில் மண்டியிட்டார். குழந்தையின் வாயைத் துடைக்க முண்டாசைக் கொண்டுவந்தார்.

துணி கிட்டே வந்ததும் அம்மாவின் மூக்கில் லேசாக ஒரு இனிப்பு வாடை பட்டது. டைனமைட்டுப் பெட்டிக்குள் தேள் தேடியபோது பட்ட அதே வாடை.

"கிட்ட கொண்டாராதீங்க" என்றாள்.

குழந்தையைத் தரையில் தன் முந்தானைமேல் கிடத்தினாள். அப்பா கையிலிருந்து முண்டாசைப் பிடுங்கினாள். பத்தடி தள்ளிப் போய் உட்கார்ந்து அதை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். என் அம்மா, நாய் பார்த்தால் பயப்படுகிறவள், அந்தத் துணியை எடுக்காமல் மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். அப்பா ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் சிவந்தது. நெற்றிப்பொட்டு இரண்டும் துடித்தன. அவள் துணியை எடுத்துவிட்டு ஓரம் ஓரமாகத் தடவினாள். ஒரு முனையில் சின்ன முடிச்சு இருந்தது. அவிழ்த்தாள். உள்ளே புளியங்கொட்டை அளவுக்குப் பழுப்பாக, பிசுபிசுவென்று ஒரு உருண்டை.

"இது இன்னாங்க?"

வெடி ஆட்கள் எல்லோரும் அப்படி ஒரு கிள்ளு வைத்துக்கொள்வார்கள். தினமும் தொடுகிறவரை தலைவலி கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடாமல் இருந்தால் உடம்பு மறந்துவிடும், திங்கட்கிழமை இறங்கியதும் தலை மறுபடி முதல் நாள் மாதிரி பிளக்கும். அதற்காக லீவு நாள் முண்டாசில் ஒரு கிள்ளு டைனமைட்டை முடிந்து தலையிலேயே வைத்திருப்பார்கள். யாரும் அதை ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை.

"திங்கக்கெழம தலவலி வராம இருக்கறதுக்கு" என்றார் அப்பா. அதைச் சொல்லிவிட்டுத் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். பெட்டி வண்டியில் மடித்துப் போட்டதும் தன் முண்டாசுதான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "அப்பொ இத்தினி நாளா நானா" என்றார்.

பெட்டியா, துணியா, எது அதிகம் செய்தது என்று இன்றைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. அப்பா அந்த உருண்டையைத் தூரமாகக் கொண்டுபோய்ப் புதைத்தார். திரும்பி வந்து குழந்தையைத் தொடவில்லை. சீமை வண்டியை அம்மாவே தள்ளிக்கொண்டு வந்தாள். அப்பா வெறுந்தலையோடு பின்னால் பத்தடி தள்ளி நடந்து வந்தார். செத்துப்போன அந்த வெள்ளைக்காரக் குழந்தையிடம் அம்மா வழிநெடுக மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தாளாம்.

வேறு வேலை கொடுக்கும்படி அப்பா மேஸ்திரியிடம் கேட்டார். பழகின ஆளை விடமாட்டேன் என்றுவிட்டார் மேஸ்திரி. அதனால் அப்பா தன் பங்குக்கு முடிந்ததைச் செய்தார். வேலைத் துணியை லைனுக்கு வெளியே ஒரு புங்கமரத்தில் மாட்டிவிட்டு வந்தார். சாம்பலும் சீயக்காயும் போட்டுத் தலைமுதல் கால்வரை தேய்த்துக் குளித்த பிறகுதான் வீட்டுக்குள் நுழைந்தார். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிள்ளு இல்லை.

மறு திங்கட்கிழமை அவர் ஷிப்டு முடிந்து வந்த கோலத்தைப் பார்த்து லைனே சிரித்தது. கண் சிவந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, சந்து முனையில் குனிந்து வாந்தி எடுத்தார். முனியப்பன் நேற்று நன்றாகக் குடித்திருக்கிறான் என்றார்கள். அவர் மறுத்துப் பேசவில்லை. குளித்துவிட்டு வந்து வாசற்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அம்மா உள்ளே குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு நின்றாள். அவருக்குக் கொடுக்கவும் பயம், கொடுக்காமலிருக்கவும் மனம் வரவில்லை. எட்டு நாளாக அவர் குழந்தையைத் தொடவில்லை.

"தல வலிக்குதாங்க?" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் ஏன் கேட்கிறாள் என்று புரிந்தது. தலை வலித்தால், ஞாயிறு முழுக்க அந்தக் கிள்ளு அவரிடம் இல்லை என்று அர்த்தம். "வலிக்குது பார்வதி. பொளக்குது."

அப்புறம்தான் அவள் கிட்டே வந்து சம்பங்கியை அவர் மடியில் வைத்தாள்.

அவர் அந்த வேலையில் இன்னும் பதினோரு வருடம் இருந்தார். நானும் அதே சீமை வண்டியில் கிடந்து வளர்ந்தவள்தான். எனக்கு விவரம் தெரிந்த நாளாகத் திங்கட்கிழமை சாயங்காலம் என்றால் அப்பா கண் சிவந்து வாசற்படியில் உட்கார்ந்திருப்பார், அம்மா எங்களைப் பிடித்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்பாள். அப்பா "வலிக்குது" என்பார். அம்மா எங்கள் கையை விட்டுவிடுவாள், நாங்கள் அவர் மேல் போய் விழுவோம்.